புல்தரைக்கு எரிந்த விளக்கு

எங்கள் கல்லூரி விடுதிக்கு முன்னால் ஒரு புல்வெளி இருந்தது. அதில் யாரும் உட்காரக் கூடாது. 2004இல் நாக் குழு வருகிறது என்று கல்லூரி முழுக்க வெள்ளையடித்தபோது அந்தப் புல்வெளிக்கும் யோகம் அடித்தது. ஓரமெல்லாம் குரோட்டன்ஸ் வைத்தார்கள். ஏற்கெனவே நின்றிருந்த இரண்டு பாட்டில் பாம் மரங்களின் காலடியில், தரையில் ஆணிபோல் குத்தி நிறுத்தும் குட்டி விளக்குகள் எட்டு வந்தன. இரவில் பார்த்தால் மரங்கள் இரண்டும் சினிமா செட் போல நிற்கும். விடுதியின் மாடி வராந்தாவிலிருந்து கம்பி வழியாக நாங்கள் அதைப் பார்ப்போம்.

விடுதியிலிருந்து நூலகத்துக்குப் போகும் பாதை இருநூறு மீட்டர்கூட இருக்காது. அதில் விளக்கு கிடையாது. நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். எங்கள் கேட் ஆறரைக்குப் பூட்டப்படும். ஏன் என்று கேட்டதற்கு வார்டன் மேடம் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. பாதை இருட்டாக இருக்கிறது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். அப்படியானால் விளக்கு போடலாமே என்று கேட்டோம். பெண் பிள்ளைகள் யாரும் அந்த நேரத்தில் போவதில்லையே, யாருக்காகப் போடுவது என்றார். வெளிச்சம் இல்லாததால் போகக் கூடாது, போகாததால் வெளிச்சம் தேவையில்லை. இந்த வட்டத்துக்குள் மூன்று வருடம் இருந்து பட்டம் வாங்கினேன்.

அதற்குப் பிறகு வரலாறு படித்தேன், படிப்பிக்கவும் செய்தேன். அந்த எட்டு விளக்குகளை மறந்தும் போனேன். சென்ற வருடம் வீட்டு வாசலில் இருக்கும் முருங்கைக்கும் படிக்கும் நடுவில் ஒரு விளக்கு போடலாமென்று எலெக்ட்ரிகல் கடைக்குப் போனபோது, கடைக்காரர் கண்ணாடிக் கிண்ணம் போன்ற ஒரு பல்பை என் உள்ளங்கையில் வைத்து, “பன்னெண்டு வோல்ட்டா, டைரக்ட் கரண்டா மேடம்?” என்று கேட்டார். அதே விளக்கு. கையில் எடுத்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடிய இடமெல்லாம் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இருட்டில்.

முதலில் பொருளைப் பற்றி. எம்.ஆர்.16 என்பது அதன் பெயர். 16 என்றால் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு பதினாறு முறை, அதாவது வாய் அகலம் இரண்டு அங்குலம். அமெரிக்கர்கள் பல்பை இப்படித்தான் அளப்பார்கள். இதன் பெரிய அண்ணனான பார்36க்கு வாய் நாலரை அங்குலம். சாதாரணக் குண்டு பல்பு வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைக்கும். இது அப்படியல்ல. கிண்ணத்தின் உள்பக்கம் சின்னச் சின்னப் பட்டைகளாக ஒரு குழியாடி, நடுவில் இழை. ஆடி வெளிச்சத்தைத் திரட்டி ஒரு கூம்பாக்கி ஒரே பக்கம் அனுப்பும். கூம்பு எவ்வளவு அகலம் என்பதைக் கோண அளவில் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்படியென்றால் இதை வாங்குகிறவர் எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டத் தேவையில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வோல்ட் ஏன்? பலரும் பாதுகாப்புக்காக என்று நினைப்பார்கள். அதுவும் உண்மைதான்; ஈர மண்ணில் வயர் அறுந்து கிடந்தாலும் ஆளை அடிக்காது. அமெரிக்க விதிப்படி இந்தக் கேபிளை ஆறு அங்குல ஆழத்தில் புதைத்தாலே போதும். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. குறைந்த அழுத்தத்தில் அதே வெளிச்சம் வேண்டுமென்றால் மின்னோட்டம் அதிகமாக வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டில் 50 வாட் பல்பு கால் ஆம்பியர்கூட இழுக்காது. பன்னிரண்டு வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு இழை குட்டையாகவும் தடியாகவும் இருக்க வேண்டும். குட்டை இழை கிட்டத்தட்ட ஒரு புள்ளி. வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினால்தான் ஆடியால் அதைச் சொன்னபடி கேட்க வைக்க முடியும். ஒரு குறையும் இருக்கிறது. கேபிள் நீள நீள அழுத்தம் குறைந்துகொண்டே போகும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் விளக்கு பளீரென்று எரிய, கடைசி விளக்கு மஞ்சளாக மங்கிப்போகும். எங்கள் புல்வெளியில் எட்டாவது விளக்கு எப்போதும் அழுது வடிந்ததன் ரகசியம் இருபது வருடம் கழித்துத்தான் புரிந்தது.

ஒரு புள்ளி வெளிச்சத்தை ஆடியால் திரட்டித் தொலைவில் எறியும் யோசனையின் மூத்த வடிவம் தேடொளி விளக்கு. துறைமுகங்களிலும் போர்க்கப்பல்களிலும் இருந்த சர்ச் லைட். அதன் ஆடிக்கு முன்னால் எரிந்தது இழை அல்ல, இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவில் தாவும் மின்வில். அந்த வில் அடிக்கடி உஸ்ஸென்று சீறும், துடிக்கும், நிறம் மாறும். ஏன் சீறுகிறது என்று கண்டுபிடித்தவர் ஹெர்தா அயர்ட்டன். கரியில் விழும் குழிக்குள் காற்றின் ஆக்சிஜன் நேராகப் போய்த் தொடுவதால்தான் அந்தச் சீறல் என்று காட்டினார்.

1854இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பக்கம் பிறந்தவர். போலந்திலிருந்து வந்த யூதக் கடிகாரக்காரரின் மகள். ஏழு வயதில் தந்தை போய்விட்டார். கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்தார். பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் அப்போது பட்டம் தராது என்பதால் லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். மாலை வகுப்பில் மின்சாரம் படிக்கப் போனார். அங்கே பாடம் நடத்திய பேராசிரியரையே மணந்தார். 1899இல் பிரிட்டனின் மின்பொறியாளர் சங்கத்தில் தன் கட்டுரையைத் தானே படித்தார். அச்சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார். 1902இல் மின்வில்லைப் பற்றிய பெரிய புத்தகம் வந்தது. அதே ஆண்டு ராயல் சொசைட்டிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. சொசைட்டி வக்கீலைக் கேட்டது. மணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி ஆளுமை கிடையாது, எனவே அவர் உறுப்பினராக முடியாது என்று வக்கீல் சொன்னார். நான்கு வருடம் கழித்து அதே சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தது. பதக்கம் கொடுக்கலாம், நாற்காலி கொடுக்க முடியாது. அங்கே முதன்முதலாகப் பெண்களுக்கு நாற்காலி போட்டது 1945இல்.

கடற்படைக்காகத் தேடொளி விளக்கின் கரிகளைச் சீராக்கும் வேலை அவருடைய கணவரிடம் கேட்கப்பட்டது. அவர் உடல்நலம் குன்றியவர்; வேலை ஹெர்தாவின் மேசைக்கு வந்தது. அறிக்கைகள் முதலில் கணவர் பெயரில்தான் போயின. பெண்ணின் வேலையை ஆணின் கணக்கில் எழுதும் பிழைக்கு ஆயுசு கெட்டி என்ற பொருளில் 1909இல் ஹெர்தா பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னைப் பற்றி அல்ல, தோழி மேரி கியூரியைப் பற்றி. வாக்குரிமைப் போராட்டத்தில் பட்டினி கிடந்து சிறையிலிருந்து வெளியே வந்த எம்மலின் பாங்க்ஹர்ஸ்டைத் தன் வீட்டில் வைத்துத் தேற்றியவரும் இவரே.

கரிவில்லுக்குப் பதிலாக டங்ஸ்டன் இழை வந்தபின் இந்த ஆடி விளக்கு சிறுத்துக்கொண்டே போனது. 1930களில் ஆடி, இழை, முன்கண்ணாடி மூன்றையும் ஒரே துண்டாக அடைத்து மூடிவிட்டார்கள். 1940 மாடல் அமெரிக்கக் கார்களின் முகப்பு விளக்கு அதுதான். 1950களில் ஹாலஜன் வந்தது. 1960களில் ஸ்லைடு புரொஜெக்டருக்காக நம் இரண்டங்குலக் கிண்ணம் வந்தது. பன்னிரண்டு வோல்ட் தோட்ட விளக்கு 1950களின் இறுதியில் கலிபோர்னியாவில் காருக்கான பல்புகளை வைத்துத் தொடங்கியது. கார் பேட்டரி பன்னிரண்டு வோல்ட், அதனால் தோட்டமும் பன்னிரண்டு வோல்ட். அவ்வளவுதான் சங்கதி.

அந்தக் கிண்ணத்தின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சையும் ஊதாவுமாக மினுங்கும். ஆடியில் பூசியிருப்பது வெள்ளி அல்ல. ஒளியின் அலைநீளத்தை விட மெல்லிய படலங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. வெளிச்சத்தை முன்னால் அனுப்பிவிட்டு வெப்பத்தில் பெரும்பங்கைப் பின்னால் கசிய விடும் தந்திரம் அது. இத்தகைய மெல்லிய படலங்களை ஒரே ஒரு மூலக்கூற்றுக் கனத்தில் அடுக்கவும், அதன் நிறத்தைப் பார்த்தே கனத்தைச் சொல்லவும் வழி செய்தவர் காத்தரின் பிளாட்ஜெட். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தின் முதல் பெண் விஞ்ஞானி. 1926இல் கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவரான முதல் பெண். 1938இல் நாற்பத்து நான்கு படலங்களை அடுக்கி, ஒளியைத் திருப்பியடிக்காத கண்ணாடியைச் செய்து காட்டினார். எம்.ஆர்.16இன் பூச்சு அவருடையது அல்ல. வேறு பொருள், வேறு முறை. ஆனால் கனத்தால் ஒளியை ஆட்டுவிக்கும் விதி ஒன்றே. அவர் கண்ணாடியைக் கண்ணுக்குத் தெரியாததாக்கினார் என்று பத்திரிகைகள் மாய்ந்து மாய்ந்து எழுதின.

விஞ்ஞானிகளின் பெயராவது இருக்கிறது. இழையைக் கொக்கியில் கோத்த விரல்களுக்குப் பெயரில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல்பு ஆலை என்றால் பெண்கள்தான். நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆலைக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சிறுமிகள் வந்தார்கள். மெல்லிய விரல் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. மெலிந்த கூலி என்பது சொல்லப்படாதது. நம்மூர்த் தீப்பெட்டி ஆபீஸ் கதையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஒரு கிளைக்கதை, இது ஆடி பல்பு அல்ல, குழல் விளக்கு. மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது. 1692இல் சூனியக்காரிகள் என்று பெண்களைத் தூக்கிலிட்ட அதே சேலம். 1940களில் அங்கே குழல் விளக்கு ஆலையில் வேலை பார்த்த இளம்பெண்கள் மூச்சுத் திணறி மெலிந்து சாகத் தொடங்கினார்கள். காசநோய் என்றார்கள். காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை. ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர், குழலின் உட்பூச்சில் இருந்த பெரிலியம்தான் நுரையீரலைத் தின்கிறது என்று, 17 பேரின் நோய்க்குறிப்புடன், இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து 1946இல் எழுதினார். 1949இல் அமெரிக்க விளக்குத் தொழில் பெரிலியத்தைக் கைவிட்டது. சாகும்வரை அந்தப் பெண்கள் தயாரித்தது வெளிச்சம் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். எனக்கு அப்படி எழுத மனமில்லை. அவர்கள் வாரக்கூலி வாங்கிய தொழிலாளிகள், அவர்களுக்கு முகமூடி தரப்பட்டிருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டு கண்ணாடி வீடுகள்.

எடித் ஃபார்ன்ஸ்வர்த் சிகாகோவின் சிறுநீரக மருத்துவர். 1903இல் பிறந்தவர், மணமாகாதவர், இளமையில் இத்தாலியில் வயலின் கற்றவர். 1945இல் ஒரு விருந்தில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவைச் சந்தித்தார். சிகாகோவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, பிளேனோ என்ற ஊர் அருகே ஆற்றங்கரையில் வார இறுதிக்கு ஒரு சின்ன வீடு வேண்டுமென்றார். 1951இல் எழுந்தது நாலு பக்கமும் கண்ணாடியால் ஆன, வெள்ளை எஃகுத் தூண்களில் மிதப்பது போன்ற ஒரே ஒரு பெரிய அறை. இன்று உலகின் எந்தக் கட்டடக்கலைப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அது இருக்கும்.

பகலில் கண்ணாடி வீடு மரங்களைக் காட்டும். இரவில் என்ன நடக்கும்? நீங்களே உங்கள் அறையில் விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள். வெளியே எதுவும் தெரியாது; உங்கள் முகம்தான் தெரியும். கண்ணாடி கறுப்பு ஆடியாகிவிடும். ஆனால் வெளியே இருட்டில் நிற்பவருக்கு நீங்கள் முழுசாகத் தெரிவீர்கள். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்து ஆள் பார்க்கப்படுவார். எந்தப் பக்கம் இருட்டோ அந்தப் பக்கத்து ஆள் பார்ப்பார். இதில் பெண் ஆண் என்று எதுவும் இல்லை, வெறும் இயற்பியல். ஆற்றங்கரையில், அக்கம்பக்கம் இல்லாத இடத்தில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது வெறும் இயற்பியலாக இருக்காது என்பதுதான் விஷயம்.

1953இல் ஹவுஸ் பியூட்டிஃபுல் இதழுக்கு எடித் பேட்டி கொடுத்தார். அந்த வீட்டில் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு அலையும் விலங்கைப் போல இருக்கிறேன், உடை மாட்டும் ஒரு ஹேங்கரை வைப்பதானாலும் வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் அதில் சொன்னார். எக்ஸ்ரே படத்தைப் போன்றது இந்த வீடு என்றார். எக்ஸ்ரே பார்த்துப் பழகியவர் சொன்னது அது. வார இறுதிகளில் கட்டடக்கலை ரசிகர்கள் கேட்காமல் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரவில் விளக்கைப் போட்டால் அந்த வீடே ஆற்றங்கரையில் தொங்கும் லாந்தர். கொசுவும் விட்டில்பூச்சியும் மொய்த்துத் தள்ளின. முன்தாழ்வாரத்துக்குக் கொசுவலை அடித்தார். அதைக்கூட வடிவத்தைக் கெடுத்த குற்றமாக எழுதியவர்கள் உண்டு.

செலவு சுமார் 74,000 டாலர் வரை ஏறியது. மீஸ் தன் கட்டணத்துக்காக வழக்குப் போட்டார், எடித் எதிர்வழக்குப் போட்டார், 1953இல் முடிவு மீஸுக்குச் சாதகமாக வந்தது. அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கு வரலாற்றாசிரியர்கள் இந்தச் சண்டைக்குச் சொன்ன காரணம் ஒன்றே. அவள் அவரைக் காதலித்தாள், அவர் விலகினார், அதனால் கோபம். ஒரு மருத்துவர் தன் வீட்டில் கூரை ஒழுகுகிறது, குளிர்காலத்தில் கண்ணாடி வியர்க்கிறது, இரவில் பயமாக இருக்கிறது என்றால் அதைக் காதல் தோல்வியின் பட்டியலில் சேர்ப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். 1998இல் ஆலிஸ் ஃப்ரீட்மன் நவீன வீடுகளும் பெண்களும் பற்றி எழுதிய நூலில்தான் எடித் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு படித்ததை முதலில் கண்டேன்.

இன்னொரு கண்ணாடி வீடு கனெக்டிகட் மாநிலத்தின் நியூ கேனனில் இருக்கிறது. மீஸின் வரைபடத்தைப் பார்த்து உத்வேகம் பெற்ற பிலிப் ஜான்சன் தனக்காகக் கட்டிக்கொண்டது. மூலத்துக்கு முன்பே, 1949இல் முடிந்துவிட்டது. அவருக்கும் அதே பிரச்சினை வந்தது. இரவானால் கண்ணாடி ஆடியாகிவிடுகிறது. அவர் ரிச்சர்ட் கெல்லியைக் கூப்பிட்டார். நாடகமேடை ஒளியிலிருந்து நிறையக் கற்றுக்கொண்ட ஒளியமைப்பாளர் கெல்லி. அவர் செய்தது இதுதான்: வீட்டுக்குள் வெளிச்சத்தைத் தணித்தார், வெளியே மரங்களின் மீதும் அவற்றுக்கு அப்பால் புல்வெளியின் மீதும் விளக்குகளைத் திருப்பினார். வெளியே வெளிச்சம் கூடியதும் கண்ணாடி மறைந்தது. உள்ளே இருப்பவர் தன் முகத்தை அல்ல, தன் தோட்டத்தைப் பார்த்தார். தோட்ட ஒளியமைப்பு என்ற கலையின் தொடக்கப் பாடமாக அதை இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளிவிளக்கு தோட்டத்துக்கு அழகு சேர்ப்பதற்கு மட்டுமல்ல, உள்ளே இருப்பவரிடம் பார்வையைத் திருப்பிக் கொடுப்பதற்கும்தான் என்று அந்தப் பாடத்தில் நான் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்.

ஜான்சனுக்குக் கெல்லி மட்டுமா இருந்தார்? கண்ணாடி வீட்டுக்கு எதிரிலேயே முழுச் செங்கல்லில் ஒரு விருந்தினர் வீடும் கட்டியிருந்தார். தன்பாலீர்ப்பு கொண்ட அவருக்கு, அந்தக் காலத்து அமெரிக்காவில், ஒளிந்துகொள்ளவும் ஓர் இடம் தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்கப்படுவதன் ஆபத்து அவருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு நிலமும் மதிலும் செங்கல்லும் கெல்லியும் இருந்தார்கள். எடித்துக்கு நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒரு திரைச்சீலை.

அவர் அந்த வீட்டில் இருபது வருடம் இருந்தார் என்பதைப் பலரும் சொல்ல மறந்துவிடுவார்கள். 1972இல் விற்றுவிட்டு இத்தாலிக்குப் போய்க் கவிதைகளை மொழிபெயர்த்தார். 1977இல் இறந்தார். 2021 வரை ஃபார்ன்ஸ்வர்த் வீடு என்றே இருந்த அந்த அருங்காட்சியகத்தின் பெயரை, அந்த ஆண்டு எடித் ஃபார்ன்ஸ்வர்த் வீடு என்று மாற்றினார்கள். முதல் பெயர் சேர எழுபது வருடம் ஆகியிருக்கிறது.

கெல்லி கோடீஸ்வரர் வீட்டில் செய்ததைப் புறநகர் வீடுகளுக்குச் சில்லறையாக விற்கத்தான் பன்னிரண்டு வோல்ட் விளக்கு உதவியது. 1956இல் மின்சாரத்தால் வாழ்வை மேம்படுத்துங்கள் என்று அமெரிக்க மின்நிறுவனங்கள் பெரிய இயக்கமே நடத்தின. விளம்பரங்களில் இல்லத்தரசிகள் வெண்மையான சமையலறையில் நின்று சிரித்தார்கள். இருட்டிய பின் அவள் வாசலுக்கு வெளியே எங்கே போவாள் என்ற கேள்வி அதில் இல்லை. தோட்ட விளக்கு வரவேற்பறை ஜன்னலிலிருந்து பார்க்க அமைக்கப்பட்டது. மரம் அழகு, மதில் அழகு. மரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நடந்து வருபவர் அந்தப் படத்தில் ஒரு நிழல்.

எடித் இறந்த அதே 1977இல், நவம்பர் மாதம், இங்கிலாந்தின் லீட்ஸில் பெண்கள் கையில் பந்தங்களோடு இரவில் தெருவில் இறங்கினார்கள். தொடர்கொலைகள் நடந்துகொண்டிருந்தன, இருட்டிய பின் பெண்கள் வெளியே வராதீர்கள் என்றது போலீஸ். கொல்வது ஆண், வீட்டில் அடைபடுவது பெண்ணா என்று கேட்டார்கள். இரவை மீட்போம் என்ற பெயரில் அந்த ஊர்வலம் பல நாடுகளுக்குப் பரவியது. 1989இல் கனடாவின் டொரான்டோவில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு வேறொரு வேலை செய்தது. பெண்களே குழுவாக இரவில் நடந்து, கையில் ஒரு கேள்வித்தாளோடு, தங்கள் தெருவைத் தணிக்கை செய்யும் முறையை உருவாக்கியது. அதில் எனக்குப் பிடித்த கேள்வி: இருபத்தைந்து மீட்டர் தள்ளி வருபவரின் முகம் தெரிகிறதா? எத்தனை விளக்கு, எத்தனை வாட் என்று அது கேட்கவில்லை. பத்து விளக்கு இருந்தும் முகம் தெரியாமல் போகலாம். தரையிலிருந்து மேல்நோக்கி அடிக்கும் ஆடி விளக்கு கண்ணைக் கூச வைத்துவிட்டால், அதற்கு அப்பால் உள்ள இருட்டு முன்பைவிட இருட்டாகும். டெல்லியில் ஜாகோரி அமைப்பின் பெண்கள் 2000களில் இதே முறையில் நடந்தார்கள். 2015இல் டெல்லி விடுதி மாணவிகள் கூண்டை உடைப்போம் என்று கேட் நேரத்துக்கு எதிராகக் கிளம்பியபோது நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். என் ஆறரை மணி கேட் ஞாபகம் வந்தது.

அந்தப் புல்வெளிக் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது.

என் அறைத்தோழி இயற்பியல் மாணவி. நாக் குழு வந்து போன பிறகும் விளக்குகள் தினமும் எரிவதைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் சும்மா மண்ணில் குத்தி வைத்ததுதானே, பிடுங்கித் திருப்பினால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். ஷாக் அடிக்குமே என்றேன். பன்னிரண்டு வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்றாள். கார்த்திகை மாதம், ஆறு மணிக்கே இருட்டிவிடும். கேட் பூட்டும் முன் நாங்கள் மூன்று பேர் போய், பாதையோரமாக இருந்த இரண்டு விளக்குகளைப் பாம் மரத்திலிருந்து பாதைப் பக்கம் திருப்பினோம். முதல் நாள் அது எதிரே வருபவர் கண்ணில் நேராக அடித்தது. மறுநாள் தலையைக் கவிழ்த்து வைத்தோம். வேப்பமரம் வரை பாதை தெரிந்தது. பாதி தூரம்தான்.

பதினொரு நாள் யாரும் கவனிக்கவில்லை. பிறகு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஒரு மரம் இருட்டாக இருக்கிறதே என்று கேட்க, தோட்ட வேலை பார்த்த அக்காவைக் கூப்பிட்டுச் சரி செய்யச் சொன்னார்கள். நாங்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு விளக்கை மரத்தின் பக்கம் திருப்பினார். இன்னொன்றை மண்ணைத் தட்டிக் கெட்டிப்படுத்தி, இருந்தபடியே விட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் பார்த்து, ஏன்க்கா அதை விட்டுட்டீங்க என்று கேட்டோம்.

“நானும் அந்த வழியாத்தானே கண்ணு வீட்டுக்குப் போறேன்” என்றார்.

மழையில் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போய் எட்டும் ஒன்றாக அணையும்வரை அந்த ஒரு விளக்கு பாதையைப் பார்த்தே எரிந்தது. அப்புறம் யாரும் அதைப் பழுது பார்க்கவில்லை.